இருக்கிறியளோ அண்ணை

சுவிற்சர்லாந்திலே ஆளில்லாத அறைகளோடு அதிகம் கதைத்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் ஊர் இருக்கிறியளோ அண்ணைக்குக் கிட்ட ஒருவரும் நிற்க முடியாது. இரண்டாம் பரிசுக்குக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் விசாக் கந்தோருக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் இருக்கிறியளோ அண்ணை. எந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னும் வாசலில் நின்று, கழுத்தை நீட்டி, "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்பார். கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. பதிலுக்குக் காத்திருப்பார். தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் நாங்கள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு "சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போவார்.

அந்தச் "சரி"தான் எங்களுக்குப் புதிர். ஒருவரும் இல்லை என்பதற்குச் சரியா, அல்லது யாரோ ஏதோ சொன்னதற்குச் சரியா என்று விளங்காது. கேட்கவும் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

லிஃப்ட் கதவு திறந்தால் கேட்பார். தமிழ்க் கடையின் பின்பக்கத்துக் குளிரறையில், தொங்குகிற ஆட்டுத் தொடைகளைப் பார்த்துக் கேட்பார். யாருக்காவது தொலைபேசி எடுத்தாலும் வணக்கம் கிடையாது, "ஆரும் இருக்கிறியளோ?" என்பார், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இராது. புதிதாக அவரோடு பழகுகிறவர்கள் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். இரவல் கொடுத்த இடியப்பச் சட்டியைத் திருப்பிக் கேட்க அண்ணை எடுத்த ஒரு அழைப்பிலே, எங்கள் ஊர் அக்கா ஒருவர் பயந்து சிம் கார்டையே மாற்றிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சட்டி இன்னும் அந்த அக்காவிடம்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் லாங்கன்தாலில் இருந்து கொஞ்சத் தூரம். கோடையில் தபாலட்டை மாதிரி இருக்கும். நவம்பர் பிறந்தால் பனிப்புகார் இறங்கிவிடும். கிழமைக் கணக்கில் சூரியனைக் காண முடியாது, மத்தியானத்திலும் எதிர்வீடு தெரியாது. பஸ் வருவது கண்ணுக்குத் தெரியாமல் காதுக்குத்தான் தெரியும். அந்த வெள்ளைக்குள் இருந்து, கண்ணுக்குப் புலப்படாத ஒரு மனிதர் சைக்கிள் கொட்டிலைப் பார்த்து "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்கிற சத்தம் வந்தால், எப்பேர்ப்பட்ட நாத்திகனும் வீட்டுக்குப் போய் விளக்கேற்றுவான்.

ஒருமுறை ஒரு செத்தவீடு. மயானத்து மண்டபத்தில், பெட்டி வைத்திருந்த உள்ளறைக்குப் போக வரிசையில் நிற்கிறோம். முன்னால் அண்ணை. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. எல்லோருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், தடுக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. அவர் கழுத்தை நீட்டினார்.

"ஆரும் இருக்கிறியளோ?"

மண்டபம் முழுக்க மூச்சடங்கிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அண்ணை தலையைச் சரித்துக்கொண்டு நிற்கிறார். செத்தவரின் மைத்துனர் மெல்ல வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், உள்ளுக்கை போங்கோ. அவர் பதில் சொன்னா எங்களாலை தாங்கேலாது."

"சரி," என்றார் அண்ணை. யாருக்குச் சொன்னாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொருமுறை என் சிநேகிதன் ஒருவன் புது வீடு பார்க்கப் போனான். அடுப்பு, ஜன்னல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். வெறும் வீடு, சுவரில் பழைய படங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெளிறிக் கிடந்தன. அண்ணை வாசலில் நின்று கேட்டார், காத்திருந்தார். குளியலறைப் பக்கம் இருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. அண்ணை "சரி" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் சிநேகிதனும் படியிறங்கித் தெருவில் நின்றோம். எப்படி இறங்கினோம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

"உது ஹீற்றர் குழாய், தம்பி. சூடேறினால் தட்டும்," என்று மேல் ஜன்னலால் சொன்னார்.

"அப்ப ஏன் அதுக்குச் சரி எண்டனியள்?" என்று சிநேகிதன் கேட்டான். அண்ணை ஜன்னலைச் சாத்தினார். அந்த வீட்டை அவன் எடுக்கவில்லை. இப்போது துன் என்கிற ஊரில் இருக்கிறான், இந்தப் பக்கமே வருவதில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இந்த மனிதர் அரண்டவர் இல்லை. ஊரே விட்டு ஓடுகிற இடத்துக்குள் போகிறவர். அவர் எங்கள் ஊர் ஃபொயர்வேரில் இருந்தார், அதாவது தீயணைப்புப் படையில்.

இந்த நாட்டுச் சின்ன ஊர்களில் தீயணைப்பென்று சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஆட்கள் இல்லை. கூரை வேய்கிறவர், பால் பண்ணைக்காரர், வங்கியில் இருக்கிற பெண் என்று ஊர்ச் சனம்தான் படை. இடுப்பில் ஒரு அலாரப் பெட்டி கிடக்கும். அது கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் அண்ணை வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். அலாரம் அடித்தால் சூப்பை அப்படியே விட்டுவிட்டுப் பறப்பார். தீப்பிடித்த இடத்துக்கு அகப்பையோடு போய் இறங்கிய ஒரே தீயணைப்பு வீரர் அவர்தான்.

சொந்த மகளின் கலியாணத்திலும் அலாரத்தை அவர் கழற்றவில்லை. ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுகிற நேரம் பட்டுவேட்டிக்குள் இருந்து அது கத்தியது. மனைவி பார்த்த பார்வையில் ஓமகுண்டம் இல்லாமலே நெருப்புப் பிடித்திருக்கும். மனிதர் தாலிக்கு மட்டும் நின்று, அட்சதையை ஐயரின் தலையிலேயே போட்டுவிட்டு ஓடினார். வேட்டிக்கு மேலே தீயணைப்புக் காற்சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு போன அந்தக் காட்சி கலியாண வீடியோவில் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்திக்குத் திரும்பி வந்தார், மீசையெல்லாம் கரி.

"என்ன அண்ணை எரிஞ்சது?"

"பஸ்தரிப்பிலை ஒரு குப்பைவாளி."

"அதுக்கே இந்த ஓட்டம்?"

"போய்ப் பாத்தால்தானே குப்பைவாளி எண்டு தெரியும்," என்றபடி பாயாசத்துக்குக் கையை நீட்டினார்.

இந்த மனிதர் ஏன் இதில் சேர்ந்தார் என்பதுதான் எங்கள் ஊரில் தீராத பேச்சு. சிற்றிசன், அதாவது குடியுரிமை, எடுக்கத்தான் என்றார் தமிழ்க் கடைக்காரர். சிற்றிசன் கிடைத்த பிறகும் அண்ணை விடவில்லை. பயிற்சி முடிய பியர் குடிக்கலாம் என்பதற்காக என்று ஒருவர் சொன்னார். அண்ணை குடித்தது ஆப்பிள் சாறு. "வீட்டிலை கோப்பை கழுவாமல் தப்பத்தான், வேறை என்னத்துக்கு," என்றார் அவருடைய மனைவி. நான் காணும் போதெல்லாம் கேட்பேன். ஒருநாள் "சப்பாத்து நல்ல சப்பாத்து" என்பார். இன்னொருநாள் "அந்த லொறியிலை ஏற ஆசை" என்பார். என்னைப்போல் பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பதில் சொல்லாமல் தப்புவதில் அவர் கெட்டிக்காரர்.

அவருடைய படையில் ஊர்ஸ் என்றொரு கூரைக்காரர் இருந்தார். கதவால் நேரே நுழைய முடியாத உடம்பு. அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "என் வீடு பத்தினால் ஆர் வருவினம்? இவையள்தான். அப்ப நான் இவையளின்ரை வீட்டுக்குப் போகத்தானே வேணும்," என்கிற கருத்தில் ஜெர்மனில் சொன்னார். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அண்ணையைத்தான் விளங்கவில்லை.

ஊர்ச் சனம் வந்து பார்க்கப் படையில் ஒரு திறந்த நாள் வைத்தார்கள். ஒரு பழைய கொட்டிலுக்குள் செயற்கைப் புகையை அடைத்து, மீட்கவேண்டிய ஆளுக்குப் பதிலாக ஒரு பொம்மையையும் வைத்து, விரும்பியவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். வாயைக் கொடுத்து மாட்டுப்பட்டு நானும் போனேன். முன்னால் அண்ணை, அவருடைய இடுப்புப்பட்டியைப் பிடித்தபடி முழங்காலில் நான். என் கையை என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன், தெரியவில்லை. சுவர் எங்கே, கதவு எங்கே, நான் எங்கே என்று ஒன்றும் இல்லை. அப்போது அவர் கேட்டார். அந்தப் புகைக்குள் அதே கேள்வி வேறு மாதிரி இருந்தது. கேட்டுவிட்டு நின்றார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் மூலையில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி எனக்கே கேட்டது.

"அண்ணை, பொம்மைதானே வைச்சிருக்கிறியள்? பொம்மை என்னண்டு பதில் சொல்லும்? வாங்கோ போவம்," என்றேன்.

"பொறும். கேட்டவுடனை ஆரும் சொல்லமாட்டினம். உள்ளை இருக்கிறவனுக்கு நேரமெடுக்கும்."

அந்த மூச்சு என்னுடைய மூச்சுத்தான் என்று வெளியே வந்த பிறகுதான் பிடிபட்டது. அன்றிரவு லைட்டைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன், மனைவி கேட்டதற்கு எழுத்து வேலை என்றேன்.

அவருடைய படைக்காரர்களுக்கும் முதலில் இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே இருப்பது சுவிஸ் ஆட்கள், கேட்பது தமிழில். கொமாண்டர் பலமுறை சொல்லிப் பார்த்தார். அண்ணை முதலில் ஜெர்மனில் கேட்பார், பிறகு தமிழிலும் கேட்பார், பிறகு நிற்பார். விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு மாட்டுத் தொழுவம் எரிந்தது. மாடுகள் எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று உரிமையாளரே சொல்லிவிட்டார். அண்ணை கடைசியாக ஒருமுறை புகைக்குள் தலையை நீட்டிக் கேட்டார், நின்றார். கொமாண்டர் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார், மனிதர் அசையவில்லை. உள்ளே இருந்து மெல்லிசாக ஒரு "ம்மா". வைக்கோலுக்குப் பின்னால் அன்று காலைதான் பிறந்த கன்று.

ஊர்ஸ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சுவிஸ் கன்றுக்குட்டிக்கு ஜெர்மன் விளங்காது, யாழ்ப்பாணத் தமிழ் விளங்கும் என்று நாங்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஊர்ஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணை கேட்டுவிட்டு நிற்கும்போது அவரும் தொப்பியைச் சரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

படையில் வயதெல்லை உண்டு. அண்ணைக்கும் அது வந்தது. ஒரு பூச்செண்டும் வெள்ளித் தட்டும் கொடுத்து, அலாரப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முந்திய மாதங்களில் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார். ஒருநாள் அண்ணை என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, நான் போனாப் பிறகு ஆர் கேக்கிறது?"

"அவையள் கேப்பினம்தானே அண்ணை."

"அவையள் ஜெர்மன்லை கேப்பினம்."

"எங்கடை ஆக்களுக்கு ஜெர்மன் விளங்கும் அண்ணை. முப்பது வருசமாச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் பாவம் பார்க்கிற மாதிரி இருந்தது. அடுத்த பயிற்சி நாளில் இருந்து அவர் தமிழ் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். தீயணைப்பு மண்டபத்தின் வழியாகப் போனவர்கள் கண்ட காட்சியைச் சொன்னபோது நான் நம்பவில்லை, நேரில் போய்ப் பார்த்தேன். புகாருக்குள் மஞ்சள் வெளிச்சம். பெரிய கதவு திறந்திருக்கிறது. உள்ளே தலைக்கவசம் போட்ட ஒரு கூட்டம் வரிசையாக நின்று, கோவிலில் தேவாரம் படிக்கிற மாதிரி ஒரே குரலில், "ஆரும் இரிக்கிறியலோ" என்கிறது. பிறகு எல்லோரும் தலையைச் சரித்துக்கொண்டு அமைதியாக நிற்கிறார்கள். சிரிக்கவேண்டிய காட்சி, சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதற்கு முதல் எங்கள் கட்டடத்துப் பங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டிலே அனேகமான அடுக்குமாடிகளுக்கு அடியில், கெலர் என்கிற நிலவறையில், யுத்தம் வந்தால் ஒளிவதற்கு ஒரு பங்கர் கட்டி வைத்திருக்கிறார்கள். முழத் தடிப்பில் கொங்கிரீட் கதவு. முதன்முதலில் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. குண்டே விழாத நாட்டுக்கு இவ்வளவு அழகான பங்கர். குண்டு விழுந்த எங்கள் வளவில் நாங்கள் வெட்டியது ஒரு கிடங்கு, மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும். இங்கே அந்தப் பங்கருக்குள் சனம் பனிச்சறுக்குக் கட்டைகளையும் வைன் போத்தல்களையும் வைத்திருக்கிறது. நாங்கள் அரிசி மூட்டை வைத்திருக்கிறோம்.

அண்ணை படையில் இருந்து ஓய்வு பெற்ற அடுத்த நவம்பர். நான் காலை ஷிஃப்ட் முடித்து வந்து மத்தியானம் படுத்திருந்தேன். மனைவி ஆஸ்பத்திரியில் வேலை. வெளியே புகார், ஜன்னல் முழுக்க வெள்ளை. கீழ்த்தளத்துச் சைக்கிள் அறையில் யாரோ சார்ஜுக்குப் போட்டிருந்த மின்சைக்கிளின் பற்றறி வெடித்திருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் தெரிந்தது ஒரு சத்தம்தான், படார் என்று. பிறகு இன்னொன்று.

நான் எழும்பினேன் என்று சொல்லமாட்டேன். என் உடம்பு எழும்பியது. சாரத்தோடு, தலையணையையும் இழுத்துக்கொண்டு படியால் இறங்கியது. படியெல்லாம் கறுத்த புகை. கீழே முன்வாசல் விரியத் திறந்து கிடந்தது, சனம் கத்திக்கொண்டு வெளியே வெள்ளைக்குள் ஓடியது. புத்தியுள்ளவன் அந்த வாசலால் போவான். நான் அதைத் தாண்டி, கெலர்ப் படியால் கீழே போனேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை. பங்கருக்குள் நுழைந்து, கதவை என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், பாதிதான் வந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் தலையணையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லைட் போய்விட்டது. இருட்டோடு புகையும் வந்தது. இருமல் வந்தது, தலையணையைக் கடித்து அடக்கினேன். ஏன் அடக்கினேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் எனக்கு வயது பதினாலு. மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது, சத்தம் போடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

பிறகு சப்பாத்துச் சத்தம். பாரமான சப்பாத்துகள், படியால் இறங்கி வந்தன. கதவு இடுக்கால் ஒரு வெளிச்சம் புகைக்குள் அலைந்தது. முகமூடிக்குள் இருந்து ஒரு குரல், "இஷ் எப்பர் தா?"

யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். எனக்குத் தெரியாத பாஷை இல்லை. அந்தப் பாஷையில் நான் வேலை செய்திருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன், பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் பங்கருக்குள் இருக்கும்போது, சப்பாத்துப் போட்டவர்கள் வேறு பாஷையில் கூப்பிட்டால் மூச்சுக் காட்டக் கூடாது. அதை எனக்கு ஜெர்மனுக்கு முதலே சொல்லித் தந்திருந்தார்கள். நான் மூச்சுக் காட்டவில்லை. சப்பாத்துகள் திரும்பிப் படியேறிப் போயின.

தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்ற வந்தவன் போகிறான், நான் அப்பாடா என்று சந்தோசப்படுகிறேன்.

எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியாது. தலை பாரமாகி, பிறகு பாரமே இல்லாமல் போனது. நித்திரை வருகிற மாதிரி இருந்தது. அப்போது திரும்பவும் சப்பாத்து. இந்த முறை கதவு வாசலிலேயே நின்றது. தடித்த குரல், வழுக்கிற தமிழ்.

"ஆரும் இரிக்கிறியலோ?"

செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். யமன் வந்தால் நல்ல தமிழ் கதைப்பான் என்று நினைத்திருந்தேன், இதென்ன இப்படிக் கதைக்கிறான் என்றும் நினைத்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தேன், வரவில்லை. ஆனால் சப்பாத்துகள் போகவில்லை. அந்தப் புகைக்குள், இருட்டுக்குள், யாரோ ஒருவர் தலையைச் சரித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் காத்திருந்தார். நான் சொல்லும்வரைக்கும் காத்திருப்பார் என்று தெரிந்தது.

"ஓம்," என்றேன். "இருக்கிறன்."

"சரி," என்றார் ஊர்ஸ்.

கன்றைத் தூக்கிய அதே தோளில்தான் என்னையும் தூக்கிக்கொண்டு வந்தார். சாரம் படியிலே அவிழ்ந்து விழுந்ததைச் சனம் மனைவிக்குச் சொல்லி, அவர் பிறகு எனக்குச் சொன்னார். ஊர் முழுக்க வெளியே நின்றிருக்கிறது. புகார் என்ற ஒன்றை ஆண்டவன் எதற்காகப் படைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வெளியே நடந்ததையும் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். புல்தரையில் எல்லோரையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நான் வேலையில் இருப்பேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டார். கட்டடம் வெறுமை என்று முடிவாகிவிட்டது. படை கட்டிய தடுப்பு நாடாவுக்கு வெளியே, வயோதிபர் இல்லத்து ஏப்ரனோடு, அண்ணை நின்றிருக்கிறார். உள்ளே போக அவருக்கு இனி அனுமதி இல்லை. கெலரால் ஏறி வந்த ஊர்ஸைக் கூப்பிட்டு, கீழே பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். பார்த்தேன், கேட்டேன், பதில் இல்லை என்றிருக்கிறார் ஊர்ஸ்.

அதற்கு அண்ணை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எந்தப் பாஷையிலை கேட்டனீர்?"

அதை அவர் தமிழிலேயே கேட்டாராம். ஊர்ஸ் அந்த இடத்திலேயே திரும்பி, படியால் இறங்கிப் போனாராம்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அண்ணை சூப் போத்தலோடு வந்தார். அறை வாசலில் நின்று கழுத்தை நீட்டிக் கேட்டார், காத்திருந்தார். இருக்கிறன் என்றேன். சரி என்றுவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"அண்ணை, நான் அங்கை இருப்பன் எண்டு உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

"தெரியாது. நான் எல்லா இடமும் அப்பிடித்தானே கேக்கிறனான்."

கொஞ்ச நேரம் சூப்பைக் குடித்தேன். பிறகு பழைய கேள்வியைக் கேட்டேன், ஏன் அண்ணை இதிலே சேர்ந்தீர்கள் என்று. அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, அதே வெள்ளைதான்.

"பொம்மர் பிளேன் குண்டு போட்டு எங்கடை பங்கர் இடிஞ்சு விழுந்தது. நான் சின்னப் பெடியன். வாய் முழுக்க மண். மேலை ஆக்கள் ஓடுற சத்தம் கேக்குது, ஒருத்தரும் நிக்கினமில்லை. கடைசியா ஒருத்தர் வந்து கேட்டார், ஆரும் இருக்கிறியளோ எண்டு. என்னாலை சத்தம் போடேலாது. ஆனா அவர் போகேல்லை, தம்பி. நிண்டவர். நான் ஒரு மாதிரிக் கையை எடுத்து மேலை விழுந்து கிடந்த மரத்திலை தட்டும்வரைக்கும் நிண்டவர்."

"ஆர் அது?"

"ஆருக்குத் தெரியும். வெயில் கண்ணிலை குத்திச்சுது, முகம் பாக்கேல்லை. இழுத்து எடுத்துப் போட்டு, 'சரி' எண்டார். அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்."

நான் சூப் போத்தலை மேசையில் வைத்தேன். "இதை ஏன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் பகிடிக்குத்தானே கேட்டனீர்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சூப்பைக் குடியும் ஆறுது என்றும் சொன்னார்.

இப்போது அண்ணை எங்கள் ஊரில் இல்லை. பேரப்பிள்ளை பிறந்து, பீல் நகரத்தில் மகளோடு இருக்கிறார். அங்கே பாதிச் சனம் பிரெஞ்சு கதைக்கும், அதனால் பிரெஞ்சிலும் கேட்கப் பழகுவதாகக் கேள்வி. நான் எங்கள் ஊர்ப் படையில் சேர்ந்திருக்கிறேன், வயதெல்லைக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. ஏன் சேர்ந்தாய் என்று கடைக்காரர் கேட்டார். சப்பாத்து நல்ல சப்பாத்து என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை எனக்கு ஃபோன் எடுப்பார். "ஆரும் இருக்கிறியளோ?" என்பார், பிறகு ஒரு சத்தமும் இராது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தித்தான் பதில் சொல்வேன். அவர் வைத்துவிட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.